நூறடுக்கின் ஊமை

எத்திராசு மலையேறி வந்தபோது அவருடைய பையில் நானூறு துண்டறிக்கைகள் இருந்தன. ஊரில் வீடுகள் முப்பத்தொன்று.

ஊருக்கு நூறடுக்கு என்று பெயர். மலைச்சரிவை வெட்டி, கல் அடுக்கி, மண் நிரப்பி, ஒன்றின் தலைக்குமேல் ஒன்றாக நெல்வயல்கள். எண்ணினால் எண்பத்தாறுதான் வரும். மீதிப் பதினான்கு எங்கே என்று கேட்டால், "இனிமே கட்டணும்" என்பார்கள். எத்தனை தலைமுறையாக இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எல்லா வயலுக்கும் தண்ணீர் ஒன்றுதான். உச்சியில் பாறையிடுக்கில் ஓர் ஊற்று. அது முதல் அடுக்கில் விழுந்து, வரப்பில் வெட்டிய மடை வழியாக இரண்டாம் அடுக்குக்கு இறங்கி, அப்படியே மடை மடையாகக் கடைசி அடுக்கு வரைக்கும் போகும்.

அந்த ஊற்றைக் குழாயில் அடைத்துச் சமவெளிக்குக் கொண்டுபோக அரசாங்கத்தில் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் எத்திராசு வந்தார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு வருடம் சங்கத்தில் இருந்தவர். அதில் இருபத்தேழு வருடம் பொதுச்செயலாளர். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. மிச்சம் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில், பிறகு சிறையில். அவர் கட்டிய சங்கம் இரண்டாகி, நான்காகி, கடைசியில் எந்தத் துண்டிலும் அவருக்கு நாற்காலி இல்லை என்று ஆயிற்று. முழங்கால் போய்விட்டது. கண் பாதி போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

வந்த அன்றே கோயில் முன்னால் பேசினார். ஒன்றேகால் மணி நேரம். ஜனங்கள் கலையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் எழுந்து வயலுக்குப் போனார்கள். துண்டறிக்கையை வீட்டுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். கடைசி அடுக்குக்காரர் மாரப்பன் மட்டும் பத்து கேட்டார்.

"படிச்சுட்டு நாலு பேருக்குக் கொடுங்க," என்றார் எத்திராசு நெகிழ்ந்துபோய்.

"நல்ல தடிக் காகிதமுங்க. அவரை விதை மடிச்சு வைக்கலாம்."

அன்றிலிருந்து ஊரில் அவருக்கு நோட்டீசு என்று பேர்.

நான்கு நாள் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் கூழ் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "தண்ணி விஷயமா? சடைச்சிகிட்ட கேளுங்க."

சடைச்சி பதினேழாம் அடுக்கில் நாற்றங்காலைச் சமன்செய்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். எத்திராசின் நெஞ்சு உயரம்தான்.

"வணக்கம் தோழர்."

சடைச்சி சிரித்துவிட்டார். "அது என்ன முறை? அண்ணன்னா அண்ணன், மாமன்னா மாமன். ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

"அண்ணன்னே வெச்சுக்கம்மா."

"சொல்லுங்கண்ணே."

எத்திராசு வரப்பில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியிலேயே கோத்துக்கொண்டு வந்திருந்தார். மேலே பதினாறு வயலும் கீழே அறுபத்தொன்பது வயலும் தெரிகிற அந்த இடத்தில் உட்கார்ந்ததும் அதெல்லாம் போய் வேறொன்று வாயில் வந்தது.

"ஒரே ஊத்து. முப்பத்தொரு வீடு. இத்தனை காலமா உடையாம இருக்கீங்க. நான் மூவாயிரம் பேரைச் சேர்த்தேன். முப்பத்தெட்டு வருஷத்துல நாலா உடைஞ்சு போச்சு. எப்படிம்மா இது? சொல்லிக் கொடு. கத்துக்கறேன்."

"எங்களுக்குள்ள சண்டையே இல்லைன்னு நினைக்கறீங்களா?"

"இருக்கா?"

"மூணாவது அடுக்கு காளியப்பனும் நாலாவது அடுக்கு பொட்டியம்மாளும் பேசி ஒம்பது வருஷம் ஆகுது."

"பங்காளிங்களா?"

"புருஷன் பொண்டாட்டி."

எத்திராசுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்பதும் ஞாபகம் வந்தது. "அப்புறம் எப்படி ஒரே தண்ணியை..."

சடைச்சி கையைக் கழுவினார். "இந்தப் பருவம் நீங்க ஊமையா இருங்க. அப்புறம் பேசுவோம்."

நூறடுக்கில் ஊமை என்பது ஒரு வேலை. நடவு தொடங்கும் நாளில் ஒருவர் கையில் வைக்கோல் பிரி கட்டுவார்கள். போன அறுவடையின் கடைசிக் கதிர்க்கட்டில் எடுத்த வைக்கோல் அது. வருடத்துக்கு ஒரு பிரிதான் திரிப்பார்கள். அதைக் கட்டிக்கொண்டவர்தான் எல்லா மடையையும் திறப்பார், அடைப்பார். வேறு யார் கையும் மடையில் படக் கூடாது. கதிர் பால் பிடித்து முற்றும்வரை, ஏறக்குறைய நூறு நாள், அவர் வாய் திறக்கக் கூடாது. யாரும் அவரைக் கேட்கலாம், திட்டலாம், கெஞ்சலாம். தண்ணீரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை அந்தப் பருவத்தில் அவர் ஒருவருக்குத்தான். அந்த ஒருவரும் சொல்லமாட்டார். களத்தில் நெல் குவிந்த அன்று ஊர் கூடும். அன்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஊமை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

சடைச்சி பதினோரு பருவம் ஊமையாக இருந்தவர்.

"நான் பேச வந்தவன்மா," என்றார் எத்திராசு.

"தெரியுது."

"வாயை மூடிக்கிட்டா குழாயை யார் தடுக்கறது?"

"களத்து நாள்ல ஊரே உக்காந்து உங்களைக் கேக்கும். அன்னைக்குச் சொல்லுங்க. இப்ப சொன்னது காதோட போச்சு. அன்னைக்குச் சொன்னா உள்ள போகும்."

எத்திராசு யோசித்தார். அதிகாரிகள் அறுவடைக்குப் பிறகுதான் மலைக்கு வருவதாகக் கீழே பேச்சு. நாள் இருந்தது. சரி என்றார்.

நடவன்று சடைச்சி அவருடைய வலது மணிக்கட்டில் பிரியைச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, முனையை உள்ளே செருகினார். எத்திராசு இடது கையால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"விலங்கு மாதிரி இருக்கு. எனக்குப் பழக்கம்தான்."

"விலங்கை மாட்டினவன்தான் கழட்டணும். இதை யார் வேணும்னாலும் கழட்டலாம். உங்களால மட்டும்தான் முடியாது."

சின்ன மண்வெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். "இன்னையிலேர்ந்து ஊமை."

முதல் பத்து நாள் சடைச்சி அவர்கூட நடந்தார். எதுவும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு வயலிலும் விரலை நட்டுக் காட்டுவார். இரண்டு விரல் தண்ணீர். சில வயலில் மூன்று. ஒரு பிடி மண்ணை எடுத்து எத்திராசின் உள்ளங்கையில் வைப்பார். களிமண் ஒட்டியது. மணல் உதிர்ந்தது. அவருக்கே புரிந்தது. பதினோராம் நாள் சடைச்சி வரவில்லை.

ஜனங்கள் வந்தார்கள்.

"ஏங்க நோட்டீசு, எனக்கு மட்டும் ரெண்டு விரலு? நான் என்ன மாத்தாந்தாய்க்குப் பொறந்தவனா?" இது மூன்றாம் அடுக்கு காளியப்பன்.

"அந்தாளுக்கு மட்டும் மடையை அகலத் தொறக்கறீங்க. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்." இது நான்காம் அடுக்கு பொட்டியம்மாள். அந்தாள் என்பது காளியப்பன்.

"கீழ்நாட்டு ஆளுக்குப் பிரி கட்டினதே தப்பு. கண்ணும் தெரியல, காதும் கேக்கல போல."

எத்திராசின் வாய்க்குள் பதில்கள் நிறைந்துகொண்டே வந்தன. மேடையில் எதிர்க்குரல் கொடுத்தவனை ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்தவர் அவர். நடந்துகொண்டே மனதுக்குள் பதில் எழுதினார், திருத்தினார், தலைப்பு வைத்தார். ஒரு மாதத்தில் அது குறைந்தது. பிறகு திட்டுகிறவர்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். காளியப்பன் திட்டிவிட்டு ஏதாவது தின்னக் கொடுத்தார். பொட்டியம்மாள் திட்டும்போதெல்லாம் கண் மூன்றாம் அடுக்கின் பக்கமே இருந்தது. இரண்டு மாதத்தில் ஒரு காலையில், தொண்டை வலி இல்லாமல் எழுந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த வலி எப்போது தொடங்கியது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

அந்த வருடம் மழை குறைவு. ஊற்று மெலிந்தது. கடைசி அடுக்குக்குத் தண்ணீர் போய்ச்சேரப் பொழுது சாயும். மாரப்பன் தன் மடை அருகே குந்தியிருப்பார். எத்திராசும் பக்கத்தில் குந்துவார். மாரப்பனுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"இதுக்கு முன்னால ஒரு ஊமை இருந்தானுங்க. கந்தபோயன்னு பேரு. அவனுக்குப் பருவத்து நடுவுல பல்வலி வந்துடுச்சு. தாடை இந்தா பெருசு. கத்தணும், ஆனா கத்த முடியாது. பார்த்தான். பக்கத்துல நின்ன ஆள்கிட்டக் கையை நீட்டினான். அந்த ஆள் அவுத்துத் தன் கையில கட்டிக்கிட்டான். இவன் ஓடைப் பக்கம் போய்க் கத்தினான் பாருங்க, குரங்கெல்லாம் மலை மாறிப் போச்சு. பல்வலியோட சேர்த்து ஊர்ல ஒவ்வொருத்தன் பேரா சொல்லி, உன் வயல் ஓட்டை, நீ திருட்டுப்பய, அதான் உனக்குத் தண்ணி கம்மின்னு அத்தனையும் சொல்லித் தீர்த்தான். எல்லாருக்கும் கேட்டுது. அப்புறம் வந்து கையை நீட்டினான். திரும்பக் கட்டிவிட்டாங்க. மறுபடி ஊமை."

எத்திராசு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். யாருக்கும் கோபம் வரவில்லையா என்று கையால் கேட்டார்.

"எதுக்குக் கோவம்? அவுத்தவன் பேச்சு காத்தோட போயிடும். கட்டினவன் பேசினாத்தான் வயலுக்குள்ள வரும்."

தண்ணீர் வந்தது. எத்திராசு எழுந்து மடையைத் திறந்தார். இரண்டு விரல்.

எண்பத்தோராம் நாள் அதிகாரிகள் வந்தார்கள்.

அறுவடைக்குப் பிறகு வரவேண்டியவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். மூன்று பேர், அவர்களோடு ஓர் எழுத்தர். கோயில் முன்னால் மேசை போட்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள். ஊர் முழுக்க வந்து நின்றது. அதிகாரி திட்டத்தை வாசித்தார். அதில் ஊற்றுக்கு ஓர் எண் இருந்தது. வயல்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

யாரும் வாய் திறக்கவில்லை. பருவம் நடக்கிறது. கேள்வி தண்ணீரைப் பற்றியது. முப்பத்தொரு வீட்டு ஜனமும் திரும்பி எத்திராசைப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது தடவை கேக்கறேன். ஆட்சேபம் உண்டா?"

இந்த நிசப்தம் இவர்களுக்கு என்ன, அந்த மேசையில் என்ன என்று இரண்டும் தெரிந்த ஒரே ஆள் எத்திராசுதான். இவர்கள் பதிலைக் களத்து நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். எழுத்தர் ஆட்சேபம் இல்லை என்று எழுதப்போகிறார். இப்படி எழுதிய காகிதங்களை அவர் எத்தனையோ பார்த்தவர். அதன்பின் போட்ட ஊர்வலம், மறியல், பட்டினி எதுவும் அந்த இரண்டு வார்த்தையை அழித்ததில்லை.

வலப்பக்கம் திரும்பினார். சடைச்சி கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். அவர் எத்திராசின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரி கட்டிய கையை.

எத்திராசுக்குக் கோபம் வந்தது. தண்ணீரே போகப்போகிறது, இப்போது பிரியை ஞாபகப்படுத்துகிறாளே இந்த அம்மா என்று. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. எண்பது நாளாகப் பேசாத குரல் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. முன்னால் மேசை, மேசைக்குப் பின்னால் எதிரி, சுற்றிலும் ஜனம். இப்படி ஒரு கூட்டம் அவருக்கு அமைந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"மூணாவது தடவை..."

எத்திராசு வலது கையை உயரத் தூக்கினார்.

"நான் பேசறேன்."

"யாருங்க நீங்க?"

"நான் இந்த ஊர் ஊமை."

அதிகாரிகள் சிரித்தார்கள். எழுத்தர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம் அவர்கள் சிரிக்கவில்லை.

எத்திராசு அன்று பேசியதுபோல் எந்த மேடையிலும் பேசியதில்லை. தூக்கிய கை இறங்கவே இல்லை. ஊற்றைச் சொன்னார். எண்பத்தாறு அடுக்கைச் சொன்னார். ஒரு சொட்டு வீணாகாமல் இந்த ஜனங்கள் பங்கிடுவதைப் பாருங்கள் என்று அடுக்கடுக்காகச் சொன்னார். மூன்றாம் அடுக்கு களிமண், அதற்கு இரண்டு விரல் போதும். நான்காம் அடுக்கு மணல், அதற்கு மூன்று. பதின்மூன்றாம் அடுக்கில் வரப்பில் ஓட்டை, அடைக்காதவருக்குக் குறைத்துத்தான் விட முடியும். இருபத்தெட்டு நிழல் வயல், அதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். இவ்வளவு நியாயம் உங்கள் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

எழுத்தர் எழுதினார். ஆட்சேபம் பதிவாயிற்று. அதிகாரிகள் மேசையை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

எத்திராசு கையை இறக்கினார். கைதட்டல் வரும் இடம் அது. ஒருவரும் தட்டவில்லை. ஜனங்கள் வயல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை முதல் மடையில் பொட்டியம்மாள் காத்திருந்தார்.

"என் வயல் மணல்னு ஊர் முன்னாடி சொன்னீங்களே, எந்த மணல்? எடுத்துக் காட்டுங்க."

எத்திராசு ஊமையாக நின்றார்.

"நேத்துப் பேசின வாய்தானே இது? பேசுங்க."

பேசினார். நல்ல பதில்தான் சொன்னார். அது காளியப்பன் காதில் விழுந்தது. "மணலுக்கு மூணு விரல்னா என் வயல்லயும் கீழ்மூலை மணல்தான். அதுக்குப் பதில் சொல்லுங்க." அதற்கும் சொன்னார். பதின்மூன்றாம் அடுக்குக்காரர் ஓட்டைக்குப் பதில் கேட்டு வந்தார். இருபத்தெட்டாம் அடுக்குக்காரர் நிழல் தன் வயலில் எத்தனை நாழிகை விழுகிறது என்று கேட்டு வந்தார். எத்திராசிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். உச்சிவேளைக்கு முதல் மடையே திறந்தபாடில்லை. அன்று மாலை யாரோ தன் மடையைத் தானே வெட்டிக்கொண்டார். அடுத்த நாள் பதினோரு பேர்.

சடைச்சி வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் வாய் பேசாமல் மடை மடையாக நின்று பார்த்தார்.

"பிரி எங்க?" என்று அவரைக் கேட்டார்கள்.

பிரி எத்திராசின் கையில் இருந்தது. கட்டியவர் பேசிவிட்டால் அந்தப் பிரியை இன்னொரு கைக்கு மாற்ற முடியாது. அடுத்த பிரிக்கு அடுத்த அறுவடை வரவேண்டும்.

மேல் அடுக்குகளில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. எழுபத்தைந்தாம் அடுக்குக்குக் கீழே போகவே இல்லை. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். எத்திராசு குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு கடைசி அடுக்குக்கு இறங்கினார். மாரப்பன் குடத்தைப் பிடித்து இறக்கினார்.

"விடுங்க நோட்டீசு. ஒரு வயலைக் குடத்துல நனைக்கறதுன்னா நீங்க இன்னொரு தரம் பொறந்து வரணும்."

களத்து நாள் வந்தது. அன்று காலைதான் கீழிருந்து தபாலும் வந்தது. எத்திராசு களத்தில் நின்று வாசித்தார். பெறப்பட்ட ஆட்சேபத்தை முன்னிட்டுத் திட்டம் மறுபரிசீலனைக்காக ஒத்திவைக்கப்படுகிறது.

"அப்படின்னா?" என்றார் ஒருவர்.

"இப்போதைக்குக் குழாய் வராது."

"இப்போதைக்கா?"

"இப்போதைக்கு."

தலையாட்டினார்கள். பிறகு வழக்கப்படி ஊமையைக் கேட்கும் நேரம். எத்திராசு களத்து நடுவில் உட்கார்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காளியப்பன் இருமினார். பொட்டியம்மாள் புடவையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அவரவர் குவியலுக்குப் போனார்கள்.

களத்து ஓரத்தில் மாரப்பன் தன் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து விழுந்தது கொஞ்சம், பறந்தது மிச்சம். பால் பிடிக்காத பதர்.

"பாருங்க நோட்டீசு, உங்க காகிதத்தைவிட லேசாப் பறக்குது."

எத்திராசு நின்றார்.

"கீழ செங்கல் சூளையில ஆள் எடுக்கறாங்களாம். ஆறு மாசம். அடுத்த நடவுக்கு வந்துடுவேன்." மாரப்பன் முறத்தை உதறினார். "உங்க பேச்சு நல்லாத்தான் இருந்துதுங்க. சும்மா சொல்லக் கூடாது. அந்த எழுதறவன் மூஞ்சி இருந்துதே! அதுக்காகவே ஒரு போகம் போகலாம்."

சிரித்தார். கிண்டலா, நிஜமா என்று எத்திராசுக்குத் தெரியவில்லை.

பொழுது இறங்கும்போது மாரப்பனும் அவர் மனைவியும் துணிமூட்டையோடு வரப்பு வரப்பாக இறங்கினார்கள். எண்பத்தாறாம் அடுக்கில் ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு காட்டுக்குள் மறைந்தார்கள்.

எத்திராசு பதினேழாம் அடுக்குக்குப் போனார். சடைச்சி தாள் அறுத்த வயலில் சரிந்த கல் ஒன்றைத் திரும்ப ஏற்றிவைத்துக்கொண்டிருந்தார். எத்திராசு மறுமுனையைப் பிடித்தார். கல் உட்கார்ந்தது. இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"நான் பேசினது தப்பாம்மா?"

"பேசலைன்னா ஊத்து போயிருக்கும்."

"அப்ப சரியா?"

சடைச்சி காட்டுப்பாதையைப் பார்த்தார்.

"எனக்குத் தூக்கமில்லை," என்றார் எத்திராசு. "திருப்பித் திருப்பி அந்த இடத்துக்கே போய் நிக்கறேன். பேசினா தண்ணிப் பங்கு போச்சு. பேசாம இருந்தா தண்ணியே போச்சு. ரெண்டுல ஒண்ணைத்தானே விட முடியும்? உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா நீ பக்கத்துலதான் நின்ன. ஒரு வார்த்தை சொல்லல."

"நான் எப்படிச் சொல்வேன்? பருவத்துல தண்ணிப் பேச்சு உங்களுதுதானே."

"அதுவும் சரிதான்."

எத்திராசு மணிக்கட்டைத் தடவினார். பிரி வெயிலிலும் தண்ணீரிலும் கறுத்து, நார் நாராகப் பிரிந்து, இன்னும் அங்கேயே இருந்தது. அவிழ்த்துவிடச் சொல்லி யாரையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் எதைப் பார்த்துட்டு நின்னேன்?"

"இந்தக் கையை. பேசாதேன்னு ஞாபகப்படுத்தின."

"கந்தபோயன் கதையை மாரப்பன் உங்களுக்குச் சொல்லலையா?"

"பல்வலிக் கதைதானே? சொன்னான். நல்லா சிரிச்சோம்."

சொல்லி முடித்ததும் எத்திராசின் முகம் மாறியது. கீழே, ஆளில்லாத கடைசி அடுக்கில் பதர்த் தாள் வெளுத்துக் கிடந்தது.

சடைச்சி அவருடைய கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். முனையை வெளியே எடுத்தார். முடிச்சு ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"அவுக்கறதுக்குத்தான் நின்னேன் அண்ணே. நீங்க தூக்கிட்டீங்க. எனக்கு எட்டல."